மணிக்கு 12.21 பவுண்டு சரி, வாரத்துக்கு எத்தனை மணி? பிரிட்டனில் வேலையை ஒத்துக்கொள்ளும் முன் கணக்குப் பார்ப்பது எப்படி

லண்டனுக்கு வந்த புதிதில் ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி "மணிக்கு எவ்வளவு தர்றாங்க?" என்பதுதான். நானும் பெருமையாகச் சொல்வேன். கேட்டவர் அதை எட்டால் பெருக்கி, முப்பதால் பெருக்கி, ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு "அடேயப்பா" என்பார். அந்தப் பெருக்கலில்தான் கோளாறு. எட்டு மணி நேரமும் கிடையாது, முப்பது நாளும் கிடையாது. நான் முதலில் போனது ஏஜென்சி வழியாக ஒரு கிடங்கு வேலைக்கு. முந்தின நாள் இரவு பத்து மணிக்கு மெசேஜ் வந்தால் மறுநாள் வேலை, வராவிட்டால் படுத்துத் தூங்க வேண்டியதுதான். ஒரு வாரம் 46 மணி நேரம், அடுத்த வாரம் 11. வீட்டுக்காரர் மட்டும் இரண்டு வாரத்துக்கும் ஒரே வாடகைதான் கேட்டார்.

பணக்கார நாட்டில் ஏழை என்றால் வேலை இல்லாதவர் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிரிட்டனில் எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் வரும் குடும்பத்தின் வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் வறுமை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படி வறுமையில் இருக்கும் குழந்தைகளில் பத்துக்கு ஏழு பேர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ யாராவது ஒருவர் வேலைக்குப் போகிறார். டிரசல் என்ற அமைப்பின் உணவு வங்கிகள் மட்டும் 2024-25-ல் சுமார் 29 லட்சம் உணவுப் பொட்டலங்களைக் கொடுத்தன. வாங்க வருபவர்களில் யூனிஃபார்மோடு வருபவர்களும் உண்டு. வேலை இருந்தும் ஏன் பற்றவில்லை என்பதைப் பொருளாதாரப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஒரு காண்ட்ராக்டையும் ஒரு பேஸ்லிப்பையும் ஒழுங்காகப் படித்தாலே போதும். எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானது. 2026 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 12.71, எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

முதலில் காண்ட்ராக்டில் மணி நேரம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம். "வாரத்துக்கு இத்தனை மணி நேரம் உறுதி" என்ற வரி இருக்கிறதா? "பிசினஸின் தேவையைப் பொறுத்து", "40 மணி நேரம் வரை" என்றெல்லாம் எழுதியிருந்தால் உங்களுக்கு உறுதியான மணி நேரம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த "வரை" என்ற ஒரு சொல்லில் ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர், அதில் நானும் ஒருவன். பிரிட்டனில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஜீரோ அவர்ஸ் காண்ட்ராக்டில் இருக்கிறார்கள். 4 மணி நேரமோ 8 மணி நேரமோ மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு மீதிக்கு ரோட்டாவை, அதாவது ஷிஃப்ட் பட்டியலை, காட்டி ஆசை காட்டும் இடங்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம்.

2020 ஏப்ரலிலிருந்து வேலையில் சேரும் முதல் நாளே மணி நேரம், சம்பளம், எந்தெந்த நாள் என்ற விவரம் எழுத்தில் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். "அதெல்லாம் அடுத்த வாரம் தர்றோம்" என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள், ஒரு ஈமெயில் போட்டுக் கேளுங்கள். ஜீரோ அவர்ஸ் காண்ட்ராக்டில் வைத்துக்கொண்டு "வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது" என்று சொல்ல முடியாது, அப்படி எழுதியிருந்தாலும் 2015 முதல் அது செல்லாது. தொடர்ந்து ஒரே அளவு வேலை செய்பவருக்கு உறுதியான மணி நேரம் தர வேண்டும் என்று 2025 டிசம்பரில் சட்டமே வந்துவிட்டது, ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கு வர இன்னும் நாள் இருக்கிறது. அதை நம்பி இன்றைக்கு வீடு பிடிக்காதீர்கள்.

அடுத்து, எழுத்தில் உள்ள மணி நேரத்தை வைத்து மட்டும் மாதக் கணக்குப் போடுங்கள்

37.5 மணி நேரம் உறுதி என்றால் வருடத்துக்குச் சுமார் 23,800 பவுண்டு. வருடத்துக்கு 12,570-க்கு மேலே உள்ளதில் 20 சதவீதம் வரி, 8 சதவீதம் நேஷனல் இன்ஷூரன்ஸ் (அரசு பென்ஷன் போன்றவற்றுக்கான கட்டாயப் பிடித்தம்), அப்புறம் பென்ஷன் பிடித்தம், எல்லாம் போக மாதம் 1,660 பவுண்டு போலக் கைக்கு வரும். அதே சம்பளத்தில் 20 மணி நேரம் மட்டும் உறுதி என்றால் மாதம் 1,030-க்கும் 1,055-க்கும் நடுவில். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஒரு அறைக்கு 800 என்று வைத்துக்கொண்டால், முதல் ஆளுக்கு 860 மிஞ்சுகிறது, இரண்டாவது ஆளுக்கு 250. பஸ், போன், சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் அந்த 250-க்குள். இரண்டு பேருக்கும் மணிக்குக் கிடைப்பது ஒரே 12.21 என்பதைக் கவனியுங்கள்.

ஓவர்டைம் கிடைத்தால் சந்தோஷம். அதை வாடகைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

12.21 என்பது சட்டப்படியான தொகை, 21 வயது நிறைந்தவர்களுக்கு. வாழ்க்கைச் செலவைக் கணக்குப் பார்த்துப் போடும் தொகை வேறு: லிவிங் வேஜ் ஃபவுண்டேஷன் 2025 அக்டோபரில் சொன்னது லண்டனுக்கு 14.80, மற்ற இடங்களுக்கு 13.45. இது கட்டாயம் இல்லை, விரும்பிய நிறுவனங்கள் தருகின்றன. இந்த இயக்கமே 2001-ல் கிழக்கு லண்டனில் தொடங்கியது, இரண்டு வேலை பார்த்தும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க நேரமில்லை என்ற பெற்றோர்களின் புலம்பலிலிருந்து. வேலை தேடும்போது இந்தச் சம்பளம் தருவதாகப் பதிவு செய்த நிறுவனங்களை முதலில் தேடுங்கள், பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கடிகாரத்தைப் பார்த்துச் சம்பளத்தைத் திரும்ப வகுத்துப் பாருங்கள்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேர் வேலையில் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை பேஸ்லிப்பை எடுத்துக்கொண்டு வந்து, "தம்பி, சொன்ன காசு சரியாத்தான் வருது, ஆனா எனக்கு ஏன் காணாமக் கிடக்குது?" என்றார். (காணாது என்றால் அவர்கள் பேச்சில் பற்றாது. எவ்வளவு பொருத்தமான சொல் என்று பிறகுதான் தோன்றியது, ஏனென்றால் அந்தக் காசு உண்மையிலேயே கண்ணில் படாமல்தான் போயிருந்தது.)

பேஸ்லிப்பில் மணிக்கு 12.60. சட்டப்படியான தொகையைவிட அதிகம், பிரச்சினையே இல்லை என்று தோன்றும். ஒரு நாளைக்குப் பத்து வீடு, வீட்டுக்கு அரை மணி நேரம், ஆக 5 மணி நேரம், 63 பவுண்டு. "ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் அக்கா?" என்று கேட்டேன். பஸ் பிடித்தோ நடந்தோ கால் மணி நேரம். காலையில் ஐந்து வீடு, மாலையில் ஐந்து வீடு, நடுவே எட்டுப் பயணம், ஆக இரண்டு மணி நேரம். அதற்குச் சம்பளம் கிடையாது. 63-ஐ ஏழால் வகுத்தால் 9 பவுண்டு. 12.60 என்று ஆரம்பித்தது கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகிவிட்டது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது: உங்கள் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போகும் நேரம் கணக்கில் வராது, ஆனால் ஒரு வேலையிடத்திலிருந்து அடுத்த வேலையிடத்துக்குப் போகும் நேரத்தைச் சேர்த்துத்தான் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கணக்கிட வேண்டும். ஏழு மணி நேரத்துக்கு 85.47 வந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 22 பவுண்டு, ஐந்து நாள் போனால் வாரத்துக்கு 112 பவுண்டு பாக்கி. காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டு இறங்கி இரவு ஒன்பதுக்குத் திரும்பும் அந்த அக்காவுக்கு நடுப்பகலில் மூன்று நான்கு மணி நேரம் வீணாவதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதற்குச் சட்டத்திலும் இடம் இல்லை.

உங்களுக்கும் இதையே செய்து பாருங்கள். கடை திறப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் வரச் சொல்கிறார்களா, ஷிஃப்ட் முடிந்ததும் கிடங்கு வாசலில் சோதனைக்கு வரிசையில் நிற்கிறீர்களா, கல்லாவை எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆகிறதா, எல்லாவற்றையும் ஒரு வாரம் எழுதுங்கள். மொத்தச் சம்பளத்தை மொத்த நேரத்தால் வகுங்கள். வருகிற எண்தான் உங்கள் சம்பளம்.

பிடித்தங்கள்

யூனிஃபார்ம் வாங்க வைத்து அதனால் சம்பளம் குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போனால் அது தப்பு. நம்ம ஆட்கள் பலர் கடைக்கு மேலே உள்ள அறையில் தங்கிக்கொண்டு அதே கடையில் வேலை பார்ப்பார்கள், "சாப்பாடும் ரூமும் தர்றேன், சம்பளம் கொஞ்சம் குறைச்சு வாங்கிக்கோ" என்று முதலாளி சொல்வார். அறைக்காக நாளொன்றுக்கு 10.66 பவுண்டுக்கு மேல் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஈடுகட்ட அவருக்கு உரிமை கிடையாது, சாப்பாட்டுக்கு ஒரு பென்னிகூடக் கிடையாது. சொந்தக்காரர், ஊர்க்காரர் என்பதால் எதுவும் மாறாது. ஊர்க்காரரிடம் கேட்கத்தான் நமக்கு வாய் வராது, அது வேறு விஷயம்.

கடையிலோ பெட்ரோல் நிலையத்திலோ கல்லாவில் பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பது சகஜம். அப்படிப் பிடிக்கலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும், அப்போதும் கடைசிச் சம்பளத்தைத் தவிர மற்ற நேரத்தில் அந்தச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்க முடியாது.

வருடத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுமுறை ஜீரோ அவர்ஸ் ஆட்களுக்கும் உண்டு. "உனக்கு லீவு கிடையாது, மணிக்கணக்கு ஆள்தானே" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு சின்ன வேலை, ஒரு பெரிய ஓட்டை

ஒரே இடத்தில் 20 மணி நேரம் கிடைக்காததால் இரண்டு இடத்தில் பத்துப் பத்து மணி நேரம் போகிறவர்கள் உண்டு, காலையில் அலுவலகத் துப்புரவு, மாலையில் கடை. மொத்தம் அதே 244.20 பவுண்டுதானே, என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். ஒவ்வொரு வேலையிலும் வாரத்துக்கு 122.10. நேஷனல் இன்ஷூரன்ஸ் கணக்கில் ஏற வாரத்துக்கு 125 வேண்டும், அதுவும் ஒரே வேலையில். மூன்று பவுண்டு குறைவதால் இரண்டு வேலையும் கணக்கில் ஏறாது, வேறு வகையில் கிரெடிட் வராவிட்டால் அந்த வருடம் அரசு பென்ஷனுக்கு வெற்று வருடம். காய்ச்சலில் படுத்தால் கிடைக்கும் வாரம் 118.75 பவுண்டு சிக் பேயும் இதே 125 கோட்டில் அடிபட்டுவிடும் (சிக் பேக்கு மட்டும் இந்தக் கோடும், முதல் மூன்று நாள் காசு இல்லை என்ற விதியும் 2026 ஏப்ரலிலிருந்து கிடையாது, நல்ல விஷயம்). முதலாளி தானாகவே பென்ஷனில் சேர்க்க ஒரே வேலையில் வருடம் 10,000 வர வேண்டும், அதுவும் இல்லை. ஆகவே எந்த முதலாளியிடமாவது வாரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கப் பாருங்கள். பத்து மணி நேரத்துக்கும் பதினொன்றுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

யுனிவர்சல் கிரெடிட்டும் சம்பளத் தேதியும்

யுனிவர்சல் கிரெடிட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவிப் பணம். முதலில் ஒரு எச்சரிக்கை: உங்கள் விசாவில் அரசு உதவிகளுக்கு உரிமை இல்லை என்று இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள், தெரியாமல் விண்ணப்பித்தால் விசாவுக்கே வினை.

உரிமை உள்ளவர்களுக்கு இது பெரிய கைத்தாங்கல்தான், ஆனால் இதன் கணக்கு மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துப் போட்டது. விண்ணப்பித்து முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும், நடுவில் கொடுக்கும் முன்பணம் கடன்தான். வேலைச் சம்பளத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவியில் குறையும். குழந்தை உள்ளவர்களுக்கும் உடல்நிலையால் முழு அளவில் வேலை செய்ய முடியாதவர்களுக்கும் மட்டும் ஒரு தொகை வரை குறையாமல் விடுவார்கள். வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவர் 100 பவுண்டுக்கு ஓவர்டைம் செய்தால் வரியும் இன்ஷூரன்ஸும் 28, மிச்சமுள்ள 72-ல் 55 சதவீதம் உதவியில் குறைந்து, கடைசியில் 32 பவுண்டு கூடுதலாக நிற்கும். சோம்பேறி ஓவர்டைம் வேண்டாம் என்கிறான் என்று யாராவது சொன்னால் இந்த 32-ஐ ஞாபகப்படுத்துங்கள்.

சம்பளம் மாதாமாதம் வருகிறதா, நான்கு வாரத்துக்கு ஒரு முறையா என்று வேலைக்குச் சேரும் முன்பே கேளுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்றால் வருடத்தில் 13 சம்பளம். ஏதோ ஒரு மாதக் கணக்கில் இரண்டு சம்பளம் விழும், அந்த மாதம் நீங்கள் திடீர்ப் பணக்காரர் என்று முடிவு செய்து கம்ப்யூட்டர் உதவியைக் குறைத்துவிடும், சிலருக்கு நிறுத்தியேவிடும். மாதச் சம்பளக்காரர்களுக்கு வார இறுதியால் தேதி முன்பின்னாக விழுந்து இதே நிலை வந்தபோது நான்கு தாய்மார்கள் வழக்குப் போட்டு 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். நான்கு வாரச் சம்பளக்காரருக்கு அந்தத் தீர்ப்பு உதவாது. அந்த மாதம் எது என்று காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு, அதற்கு முன்பே வாடகையை ஒதுக்கி வையுங்கள்.

"நீங்கதான் முதலாளி" என்று சொன்னால்

செல்ஃப் எம்ப்ளாய்டு என்று எழுதிக்கொடுத்தால் குறைந்தபட்சச் சம்பளம், விடுமுறை, சிக் பே மூன்றும் போய்விடும். காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் நடைமுறையில் யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இப்படித்தான். 2023-ல் சாப்பாடு டெலிவரி செய்யும் டெலிவரூ ஆட்கள் தோற்றார்கள், தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பலாம் என்ற உரிமை அவர்களுக்கு இருந்தது முக்கியக் காரணம். வேன் ஓட்டும் வேலைக்கு நாளுக்கு 120 என்று சொன்னால் வேன் வாடகை, டீசல், இன்ஷூரன்ஸ், அபராதம் எல்லாவற்றையும் கழித்து, பத்து மணி நேரத்தால் வகுத்துவிட்டு அப்புறம் பேசுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள், உங்களுக்குச் சுயதொழிலுக்கே அனுமதி இல்லை.

ஏன் முதலாளிகளால் இப்படிச் செய்ய முடிகிறது?

வேறு இடத்துக்குப் போக வேண்டியதுதானே என்பார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஒரே பஸ்ஸில் போய், மூன்று மணிக்குள் திரும்பக்கூடிய வேலை ஊரில் எத்தனை இருக்கும்? இரண்டோ மூன்றோ. ஒரு முதலாளியின் பொறுப்பில் கிடைக்கும் ஸ்பான்சர் விசாவில் வந்தவருக்கு ஒன்றே ஒன்று, வேலை போனால் பெரும்பாலும் 60 நாளில் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும். அந்த அக்கா ஐந்து மணி நேரக் காசுக்கு ஏழு மணி நேரம் உழைத்தது கணக்குத் தெரியாததால் மட்டும் இல்லை.

ஒரு காலத்தில் இதற்கு ஒரு தடுப்பு இருந்தது. 1909-ல் வந்த சட்டத்தில் சங்கிலி செய்வது, லேஸ் பின்னுவது, தையல் மாதிரி கூலி குறைந்த சில தொழில்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்கும் வாரியங்கள் அமைத்தார்கள். கூட்டிய கூலியை முதலாளிகள் இழுத்தடித்தபோது 1910-ல் கிராட்லி ஹீத் ஊரில் சங்கிலி அடிக்கும் பெண்கள் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்து வாங்கினார்கள். அதன் வாரிசான வேஜஸ் கவுன்சில்களை 1993-ல் கலைத்துவிட்டார்கள். 1999 ஏப்ரலில் 3.60 பவுண்டு என்று தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் வரும்வரை விவசாயத்தைத் தவிர வேறெதிலும் அடிமட்டம் என்று ஒன்றே கிடையாது. தொழிற்சங்கத்தில் 1979-ல் 1 கோடியே 30 லட்சம் பேர் இருந்தார்கள், இப்போது அதில் பாதிதான். துப்புரவு, கேர், கிடங்கு வேலைகளில் இன்னும் மோசம்.

ஆகவே சங்கத்தில் சேருங்கள். மாதச் சந்தா இரண்டு மணி நேரக் கூலிகூட வராது பல இடங்களில்.

பாக்கியைக் கேட்பது எப்படி

ரோட்டா மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். வேலை ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், நடுவில் பயணம், ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய நோட்டு பார்த்தாலே தெரிந்துவிடும். முதலில் மேனேஜருக்கு எழுத்தில் கேளுங்கள், சண்டைத் தொனி வேண்டாம், கணக்கை மட்டும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஆகாஸ் (வேலையிடத் தகராறுகளில் ஆலோசனையும் சமரசமும் செய்யும் பொது அமைப்பு) உதவி எண் 0300 123 1100, வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6 வரை, இலவச ஆலோசனை. குறைந்தபட்சச் சம்பளப் பாக்கிக்கு அரசிடமே புகார் செய்யலாம், பெயரை வெளியிடாமலும் செய்யலாம், ஆறு வருடப் பாக்கிவரை அவர்களால் வசூலிக்க முடியும். தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போவதானால் பிரச்சினை நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவுதான் கெடு, அதற்குள் ஆகாஸில் சமரசத்துக்குப் பதிந்திருக்க வேண்டும். (இந்தக் கெடு நீளப்போகிறது, ஆனால் பழைய கெடுவுக்குள் போய்விடுவது நல்லது.) நாளை நாளை என்று தள்ளி இந்தக் கெடுவில் கோட்டை விட்டவர்கள்தான் அதிகம்.

அக்கா மூன்று மாதம் எழுதினார், கட்டம் போட்ட சின்ன நோட்டு, பஸ் நம்பர் உட்பட. அதன் நகலைக் கொடுத்த அடுத்த மாதமே பேஸ்லிப்பில் பயண நேரம் என்று புதிதாக ஒரு வரி வந்துவிட்டது, யாரும் எதுவும் சொல்லவில்லை. பழைய பாக்கி இன்னும் வரவில்லை. புகார் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.